எதிரொலியைப் பயன்கொண்ட அறிஞர்

சிவகாசியில் வெடி ஒன்று முழங்கினால், அவ்வோசை நம் செவிக்கு ஒருமுறை மட்டும் எட்டி அடங்குவதில்லை. சுவர்களிலும் குன்றுகளிலும் பட்டுத் திரும்பி மீண்டும் மீண்டும் கேட்கின்றது. இதனை எதிரொலி என்பர். பேச்சைத் தெளிவாகக் கேட்க விரும்புவோர்க்கு எதிரொலி இடையூறாகும். அவ்விடையூற்றையே பெரும்பயனாக மாற்றிய தமிழர் ஒருவர் உளர். அவரே பேராசிரியர் ஆரோக்கியசாமி பால்ராஜ் ஆவார்.

இவர் 1944ஆம் ஆண்டில் பொள்ளாச்சியில் பிறந்தார். 15ஆம் வயதிலேயே கடற்படைப் பயிற்சியில் சேர்ந்தார். 1971ஆம் ஆண்டு திசம்பர் 9ஆம் நாளன்று, பாகிஸ்தானின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று 'குக்ரி' என்னும் இந்தியப் போர்க்கப்பலைத் தாக்கி மூழ்கடித்தது. 190 பேருக்கு மேல் உயிர் துறந்தனர். நீருள் ஒலியைச் செலுத்தி, அதன் எதிரொலியால் மறைந்துள்ள கப்பலை அறியும் கருவி சோனார் எனப்படும். கடலின் இரைச்சலுக்கிடையே மெல்லிய எதிரொலியைப் பிரித்தறிவது எளிதன்று. பழைய சோனாரைச் சீர்செய்யும் பொறுப்பு பால்ராஜிடம் வந்தது. அதனைத் திருத்தியமைத்த அவர், 1973இல் தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். பின்னர்க் கொச்சியில் அவர் தலைமையில் உருவான 'ஆப்சோ' என்னும் புதிய சோனார் 1983இல் கடற்படையை அடைந்தது. வேண்டிய ஒலியை வேண்டாத இரைச்சலினின்று பிரிக்கும் இக்கலை குறிகைச் செயலாக்கம் எனப்படும்.

கடற்படையினின்று ஓய்வுபெற்றபின், அமெரிக்காவிலுள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். கம்பியில்லாத் தொடர்பிலும் எதிரொலியை ஒத்த இடர் உண்டு. வானொலி அலைகள் கட்டடங்களிற் பட்டுச் சிதறிப் பல வழிகளில் வந்து கலந்து செய்தியைக் குலைக்கும். பால்ராஜ் 1992இல் இச்சிதறலிலேயே ஒரு வாய்ப்பைக் கண்டார். ஒரே அலைவரிசையில், பல ஆண்டெனாக்கள் வாயிலாக வெவ்வேறு செய்திகளை ஒரே நேரத்தில் அனுப்பலாம். ஒவ்வொரு செய்தியும் தனக்குரிய வழிகளிற் சிதறி வருவதால், பல ஆண்டெனாக்கள் பெற்ற கருவி கணக்கிட்டு அவற்றைப் பிரித்துவிடும். அலைவரிசையை அகலப்படுத்தாமலே மிகுதியான செய்தி செல்லும். இம்முறைக்கு 'மைமோ' என்று பெயர்.

பேராசிரியர் தாமஸ் கைலாத்துடன் இதற்கு 1994இல் காப்புரிமை பெற்றார். வல்லுநர் பலர் இம்முறை பயன்படுமா என ஐயுற்றனர். பால்ராஜ் சொல்லால் வாதிடுவதோடு நில்லாது, 1998இல் ஒரு நிறுவனம் தொடங்கி, அதனைக் கருவியாகச் செய்து காட்டினார். இன்றைய நான்காம், ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிகளும் வைஃபை கருவிகளும் மைமோ முறையைக் கையாளுகின்றன. 2010இல் பத்மபூஷண் விருதும், 2014இல் மார்க்கோனி பரிசும் அவரை நாடி வந்தன.

இடையூறு என்று பிறர் விலக்கியதை நுணுகி ஆராய்ந்தமையே அவருக்கு இப்பெருமையைத் தந்தது.