அடுத்த வீட்டுச் சாவி

ஊருக்குப் போகிறவர்கள் நம்மிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும் பொருள்களுக்குள் மிகச் சிறியது வீட்டுச் சாவி. நிறுத்துப் பார்த்தால் அரைப் பலம் தேறாது. அதனுடைய பாரம் எவ்வளவு என்பது வாங்கி வைத்துக் கொண்டவர்களுக்குத்தான் தெரியும்.

முன்னாளில் அக்கிரகாரத்தில் ஒரு குடும்பம் பிரயாணம் புறப்பட்டால் பக்கத்து வீட்டாருக்கு அதிக வேலை இராது. அந்தியில் மாடத்தில் ஒரு விளக்கு ஏற்ற வேண்டும். மாடு இருந்தால் வைக்கோலும் தண்ணீரும் வைக்க வேண்டும். அந்த மாடு உதைக்கும் மாடாக இருந்தாலும், எந்தக் காலால் உதைக்கும் என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம். இக்காலத்து வீட்டின் குணமோ வேறு. சுவருக்குள்ளே கம்பி ஓடுகிறது, குழாய் ஓடுகிறது. எதற்கும் எதற்கும் சம்பந்தம் என்பது வீட்டுக்காரருக்கே நிச்சயமாகத் தெரியாது. மொட்டை மாடியில் வழிந்த தண்ணீருக்கும், ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் மருந்துக்கும் உறவு உண்டு என்று யார்தான் நினைப்பார்கள்?

சென்னை மாம்பலத்தில் நாம் குடியிருக்கும் கட்டடத்தில் எதிர் வீட்டு அன்பர் சென்ற சித்திரையில் ஒரு கலியாணத்துக்காகக் குடும்ப சகிதம் கும்பகோணம் சென்றார். ஒரு நாள் காரியந்தான். சாவியோடு ஒரு காகிதமும் கொடுத்தார். அதில் ஒன்பது கட்டளைகள் இருந்தன. காலை 7 மணிக்கு மோட்டார் 20 நிமிஷம்; துளசிக்குத் தண்ணீர்; 11 மணிக்கு மீனுக்குத் தீனி; இப்படியே போயிற்று. அன்பர் கணக்கு இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். ஒவ்வொரு கட்டளைக்கும் கீழே கோடு போட்டிருந்தார்.

சாவியைப் பற்றி மட்டும் அவர் எழுத மறந்துவிட்டார். கதவைச் சிறிது தூக்கிப் பிடித்துக் கொண்டு, தோளால் ஒரு இடி கொடுத்தால்தான் அந்தப் பூட்டு திறக்கும் என்பதை, கால் மணி நேரத்துக்குப் பிறகு, பால்காரப் பையன் சொல்லித்தான் தெரிந்து கொண்டோம்.

மோட்டாரைக் கட்டளைப்படி போட்டோம். கடிகாரத்தைப் பார்த்து 20-வது நிமிஷத்தில் நிறுத்தினோம். 20 நிமிஷம் என்பது அன்பருடைய வீட்டில் ஐந்து பேர் குளித்து, துணி துவைத்து, தொட்டி காலியாகும் நாளுக்கு உண்டான கணக்கு. முதல் நாள் மாலையிலேயே அவர்கள் போய்விட்டார்கள். ஒரு சொம்பு தண்ணீர்கூடச் செலவாகவில்லை. ஆயிரம் லிட்டர் தொட்டி ததும்ப நின்றது. அதிகத் தண்ணீர் வெளியேறும் குழாயில் வேப்பிலைச் சருகு அடைத்திருந்தது. ஆகையால் வந்த தண்ணீர் முழுவதும் மூடியைத் தாண்டி மொட்டை மாடியில் பாய்ந்தது.

மொட்டை மாடியில் கீழ் வீட்டு மாமி விடியற்காலையில் எழுந்து, இரண்டு படி அரிசி வடாம் பிழிந்து வேஷ்டியின் மேல் உலர்த்தியிருந்தார். அவ்வளவும் மறுபடி கூழாயிற்று. மாமி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "கலியாண வீட்டிலிருந்து வரட்டும்" என்று மட்டும் சொன்னார். அந்த மூன்று வார்த்தை கேட்பதற்கு எப்படி இருந்தது என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

மாடியைத் துடைத்து, சருகை எடுத்தெறிந்துவிட்டுக் கீழே வந்தபோது, அன்றைய சனியன் அதோடு விலகிற்று என்றே எண்ணினோம். தண்ணீர் நம்மைவிடச் சுறுசுறுப்பானது. மாடிச் சுவரின் வெடிப்பு வழியாக இறங்கி, பால்கனியில் துணி துவைக்கும் யந்திரத்துக்காக வைத்திருந்த மின்சாரப் பிளக்குக்குள் அது புகுந்துவிட்டது. உடனே அந்த வீட்டு ட்ரிப்பர் விழுந்தது. சத்தமில்லாமல் விழுந்ததனால் எவருக்கும் தெரியவில்லை.

இந்த ட்ரிப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக்குள் போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஓயாமல் பார்த்துக் கொண்டிருக்கிறது. ஈரத்தின் வழியாகவோ மனிதருடைய உடம்பின் வழியாகவோ சிறிது கசிந்து பூமிக்குப் போனால் கணக்கு உதைக்கும். வீடுகளில் வைக்கும் சாதனம் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். அது விழுந்தால் பலர் எரிச்சலுடன் மறுபடி மறுபடி தூக்கி விடுகிறார்கள். இன்னும் சிலர், "இது பெரிய தொந்தரவு" என்று அதைக் கழற்றியே எறிகிறார்கள். வாசற் காவற்காரன் குரல் கொடுத்தான் என்பதற்காக அவனை வேலையிலிருந்து நீக்குவது போன்ற காரியம் இது.

11 மணிக்கு மீனுக்குத் தீனி போடப் போனோம். தொட்டியிலிருந்த ஆறு மீன்களும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக் கொண்டிருந்தன. தீனி கேட்கின்றன என்று முதலில் தோன்றியது. பிறகுதான் தொட்டிக்குக் காற்று ஊதும் சிறிய யந்திரம் பேசாமல் இருப்பதும், ஃபிரிட்ஜின் முனகல் கேட்காததும் புலப்பட்டன. சித்திரை வெயிலில் தண்ணீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைந்துவிடும். குழாய்த் தண்ணீரை ஊற்றலாம் என்றால் அதிலுள்ள குளோரின் மீனுக்கு ஆகாது. நமது வீட்டு அம்மாள் யோசிக்கவே இல்லை. டபராவையும் டம்ளரையும் கொண்டு வந்து, தொட்டித் தண்ணீரையே முகந்து முகந்து, காப்பி ஆற்றுவதுபோல் உயரத்திலிருந்து ஊற்ற ஆரம்பித்தாள். அரை மணி நேரம் இந்த உபசாரம் நடந்தது. மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

இதற்கிடையில் கும்பகோணத்துக்குப் போன் செய்தோம். ஏழாவது தடவை அன்பர் எடுத்தார். பின்னால் கெட்டிமேளம் முழங்கிக் கொண்டிருந்தது.

"மீன் திணறுகிறது!" என்று கத்தினோம்.

"மீனா? கலியாண வீட்டில் அந்தப் பேச்சே கூடாது, ஸார்!" என்றார் அன்பர்.

நல்ல வேளையாக அவருடைய தாயார் போனை வாங்கிக் கொண்டார். எண்பதை நெருங்கியவர், கெட்டிமேளத்துக்கு நடுவிலும் ஒரே பேச்சில் விஷயத்தைக் கிரகித்துக் கொண்டார். "கரண்டு இல்லையா? ஐயோ, ஃபிரிட்ஜிலே என் ஊசி மருந்து இருக்கிறதே அப்பா! ஒரு மாதத்து மருந்து!" என்றார்.

ஒன்பது கட்டளைகளில் அந்த மருந்தைப் பற்றிய பிரஸ்தாபமே இல்லை. துளசியின் பேரில் இருந்த கவனம் தாயாருடைய இன்சுலின் பேரில் இல்லை. கலியாணப் பரபரப்பில் யாருக்கும் நேரக்கூடியதுதான் என்றாலும், இதைப் படிக்கும்போது அன்பர் கொஞ்சம் வெட்கப்பட்டால் நமக்கு ஆட்சேபம் இல்லை.

இன்சுலின் ஒருவகைப் புரதப் பொருள். சூடும் உதவாது, உறைபனியும் உதவாது. பிரிக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடுக்குள் வைத்திருக்க வேண்டும். பெட்டி எவ்வளவு நேரமாகக் குளிர்ச்சி இல்லாமல் கிடக்கிறது என்பதுதான் இப்போது கேள்வி. காலை 7 மணிக்குத் தண்ணீர் வழிந்தது, மணி 11. ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்திருந்தால் சுமார் நாலு மணி நேரம் குளிர்ச்சி தாங்கும். திறந்து பார்த்தபோது மேல் தட்டிலிருந்த பனிக்கட்டிகள் ஓரம் கரைந்தும் உருவம் குலையாமலும் இருந்தன. மருந்துப் பெட்டியும் தொட்டால் சில்லென்றே இருந்தது.

பெட்டியை நமது வீட்டு ஃபிரிட்ஜுக்கு மாற்றினோம். "ஐஸ் தட்டிலேயே வைத்துவிடலாம், நன்றாகக் குளிரட்டும்" என்று ஒருவர் யோசனை கூறினார். கடைத்தெரு மருந்துக் கடைக்காரரை விசாரித்ததில் அவர் பதறிப் போனார். "உறைந்துவிட்டால் அவ்வளவும் குப்பைத் தொட்டிக்குத்தான், உருகின பிறகு பார்வைக்கு நன்றாயிருந்தாலும் போடக்கூடாது. நடுத் தட்டில் வையுங்கள்" என்றார். இந்தச் சில மணி நேரத்தினால் மருந்துக்குக் கெடுதல் இல்லை என்றும், பிரித்து உபயோகத்தில் இருப்பதைச் சாதாரணமாக நாலு வாரம் வரை, அதிகச் சூடில்லாத இடத்தில் வெளியிலேயே வைத்திருக்கலாம் என்றும் சொன்னார். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் ஈர மணல் சூழ்ந்த மண்பானைக்குள் மருந்தைப் பத்திரப்படுத்துகிறவர்கள் உண்டு. கண்ணாடிக் குப்பி நேரே தண்ணீரில் நனையாமல் பார்த்துக் கொண்டால் போதும்.

2 மணிக்கு மின்சார வேலைக்காரர் வந்தார். எல்லா சுவிட்சுகளையும் இறக்கிவிட்டு ட்ரிப்பரைத் தூக்கினார். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுக் கொண்டு வந்தார். பால்கனி சுவிட்சைத் தொட்டதும் 'டக்' என்று விழுந்தது. அதை மட்டும் விலக்கிவிட்டு மற்றவற்றுக்கு உயிர் கொடுத்தார். அந்தப் பிளக்கைக் கழற்றியபோது உள்ளேயிருந்து ஒரு பாலாடை தண்ணீர் கொட்டிற்று.

மறுநாள் காலையில் கலியாணக் கோஷ்டி திரும்பியது. தாயார் செருப்பைக் கழற்றுவதற்கு முன் நமது வீட்டுக்கு வந்து, மருந்துப் பெட்டியை எண்ணிப் பார்த்து எடுத்துச் சென்றார். அன்பர் தாம்பூலப் பையுடன் கீழ் வீட்டுக்கு இறங்கிப் போனார்; போய் வெகு நேரம் வரையில் திரும்பவில்லை.

இப்போது அவர் வீட்டுக் கதவின் உட்புறத்தில் புதிய காகிதம் ஒன்று ஒட்டியிருக்கிறது. பூட்டைத் திறக்கும் விதம், ட்ரிப்பர் இருக்கும் இடம், மின்சார வேலைக்காரருடைய நம்பர் எல்லாம் அதில் உண்டு. அம்மாவின் மருந்து முதல் வரியில் இருக்கிறது. இரண்டாவது வரி மோட்டாரைப் பற்றியது: "நாங்கள் ஊரில் இல்லாத நாட்களில் போட வேண்டாம்." அதன் கீழே இரண்டு கோடுகள்.