தலைப்பிரட்டைகளைப் பேணுதல்

கல்வராயன் மலையில் மழை பொழிந்து கோமுகியாற்றில் நீர் பெருகுங் காலத்தில், கள்ளக்குறிச்சிப் பக்கத்து வயல்களிலும் குட்டைகளிலும் தவளைகள் முட்டையிடுகின்றன. சின்னாட்களில் வெளிப்படும் தலைப்பிரட்டைகளை மீன்குஞ்சென மயங்குவோரும், பயனற்ற புழுவென்று நீரோடு வடித்து விடுவோரும் உளர். இரவெல்லாம் பூச்சிகளைப் பிடித்துண்ணும் தவளையின் இளம்பருவமே இஃதென்பதைக் குடியானவர்கள் அறிதல் வேண்டும். அயல்நாடுகளுக்குத் தவளைக்கால் அனுப்புதலை இந்திய அரசாங்கம் 1987-ஆம் ஆண்டில் தடுத்தமைக்கு, வயல்களில் தவளைகள் அருகுகின்றன என்ற கவலையும் ஒரு காரணமாகும்.

இனம் அறியும் வகை வருமாறு: தேரையின் முட்டைகள் நீண்ட சரமாக நீர்ப்பூண்டுகளிற் சுற்றிக் கிடக்கும், அதன் குஞ்சுகள் கருநிறமாய்க் கூட்டங்கூட்டமாய்த் திரியும். மரத்தவளை நீருக்கு மேலே கிளையிலோ தொட்டிச் சுவரிலோ நுரைக்கூடு கட்டும். குஞ்சுகள் அதனின்று நீரில் விழும். சிறுவாய்த் தவளையின் குஞ்சு கண்ணாடி போன்ற உடலுடன் நீரின் நடுவே மிதந்து நிற்கும். பெருந்தவளையின் குஞ்சு உருவிற் பெரியது; பிற தலைப்பிரட்டைகளையும் தின்னுமாதலால் அதனைத் தனியே வைத்தல் அவசியம்.

தலைப்பிரட்டைகள் பிறந்த நீரிலேயே வளர்வது உத்தமம். குட்டை வற்றுமாயின், வாய்க்காலினின்று சிறிது நீர் பாய்ச்சினாலே போதும். அதற்கு வழியில்லாதபோது மட்டும், அகன்ற மட்பாண்டத்தில் அக்குட்டை நீரையே நிரப்பிச் சிலவற்றை எடுத்து நிழலில் வைக்கலாம். மருந்து கலந்த குழாய்நீர் ஆகாது. வேகவைத்த கீரை சிறிதளவு இட்டு, எஞ்சியதை அகற்றி, நீரில் ஒரு பகுதியை அடிக்கடி மாற்றுக. முதலிற் பின்கால்களும் பிறகு முன்கால்களும் தோன்றும். முன்கால் தோன்றியதும் மூச்சுக்காக நீரைவிட்டு ஏற வேண்டியிருப்பதால், ஒரு கல்லைச் சாய்வாக வைத்தல் வேண்டும். இல்லையேல் மூழ்கி இறக்கும். வால் சுருங்கும் நாட்களில் அவை உண்பதில்லை. பின்னர் எடுத்த இடத்திலேயே விடுக. வேற்றிடத்தில் விட்டால் நோய் பரவக் கூடும். மலைமேற் காப்புக்காட்டு ஓடைகளிலுள்ளவற்றைத் தொடுதலாகாது.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. தலைப்பிரட்டை மெல்லிய தோலும் செவுள்களும் உடையது. நீரிற் கலக்கும் நஞ்சு அதனை எளிதிற் கொல்லும். பூச்சிமருந்து தெளிக்குங் கருவியைக் குட்டையிற் கழுவாமலும், தெளித்த வயலின் நீரை உடனே குட்டைக்கு வடிக்காமலும் இருப்பின், கூலியின்றிப் பூச்சிகளைக் காக்கும் காவலர்களைக் குடியானவர் தம் வயலருகிலேயே பெறுவர்.