காற்று வரைந்த கிளைகள்

பிரெஞ்சு நாவலாசிரியர் ஜார்ஜ் சாண்ட் (1804–1876) முதுமையில், நோஹான் கிராமத்து வீட்டில் விசித்திரமான வாட்டர்கலர் படங்கள் செய்துகொண்டிருந்தார். அட்டையில் வண்ணத்தை அப்பி, மேலே இன்னொரு பரப்பை வைத்து அழுத்திப் பிரித்தெடுப்பார். திட்டமிட்ட உருவம் எதுவும் கிடையாது. ஆனாலும் பிரித்தால் உள்ளே கிளைகள், பாசி, பவளம்! அங்கங்கே தூரிகையால் தொட்டு அதை ஒரு நிலக்காட்சியாக்கிவிடுவார். இவற்றுக்கு அவர் வைத்த பெயர் 'டென்ட்ரைட்'. அது கல்லில் தெரியும் ஒரு விசித்திரத்தின் பெயர்.

சுண்ணாம்புக்கல்லைப் பிளந்தால் சில சமயம் பெரணி இலை போலக் கறுப்புக் கோலம் தெரியும். புதைபடிவம் என்று ஏமாந்தவர்கள் ஏராளம். உண்மையில் அது விரிசலில் கசிந்த நீர் விட்டுப்போன மாங்கனீஸ், இரும்பு ஆக்சைடு.

சாண்ட் பொருத்தமாகத்தான் பெயர் வைத்திருக்கிறார். தாளைத் தூக்கும்போது இடைவெளி விரிகிறது. ஓரத்திலிருந்து காற்று உள்ளே பாய்கிறது. காற்றுக்குப் பிசுபிசுப்பு மிகக் குறைவு, வண்ணத்துக்கு அதிகம். காற்றின் விளிம்பு ஓரிடத்தில் கொஞ்சம் புடைத்தால் போதும், அந்த முனைக்கு முன்னால் தள்ளவேண்டிய வண்ணம் குறைவு. அது முந்திக்கொண்டு ஓடும். பின்தங்கியது பின்தங்கியதுதான். முனை அகன்றால் மறுபடி பிளக்கும். காற்று விரல்களுக்கு நடுவே ஒதுங்கிய வண்ணமே நாம் பார்க்கும் கிளை. 1958-இல் சாஃப்மன், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கணக்கில் விளக்கினார்கள். அவர்கள் நினைத்தது ஓவியத்தை அல்ல. எண்ணெய் ஊற்றுகளில் செலுத்தும் நீர், எண்ணெயைச் சீராகத் தள்ளாமல் விரல்விரலாகப் புகுந்துவிடும் தொல்லையை.

கல்லில் வேலை நடப்பது வேறுவிதம். அங்கே கரைசலில் அலையும் துகள்கள் வந்து ஒட்டுகின்றன. ஆனால் அங்கேயும் துருத்திய முனைதான் முதலில் துகளைப் பிடிக்கும், உள்குழிகளுக்கு எதுவும் எட்டாது. 1981-இல் விட்டன், சாண்டர் என்ற இயற்பியலாளர்கள் கணினியில் துகள்களை மனம்போனபடி அலையவிட்டு ஒட்டவைத்தபோது இதே கிளைகள் முளைத்தன.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு பிளாஸ்டிக் தாள், டியூப் வண்ணம் போதும். தோசைமாவுப் பதத்தில் இருந்தால் கிளைகள் மெலிந்து பெருகும். தண்ணீராக இருந்தால் தடித்துக் குறையும். வெடுக்கென்று தூக்கினால் இன்னும் நுணுக்கம்.

உண்மையான பெரணி மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அதன் இலை எங்கே பிரிவது என்பதில் மரபணுக்களுக்கும் ஆக்ஸின் ஹார்மோனுக்கும் பங்கு உண்டு. தாளில் தெரிந்த பெரணிக்குச் சொந்தம் கல்தான், செடி அல்ல.