எண் புதிரும் கணிப்பொறியும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. கணிதம்)

நாளிதழின் ஒரு மூலையில் 81 கட்டங்கள் வரைந்து, அவற்றுள் சிலவற்றில் மட்டும் எண்களை அச்சிட்டிருப்பதை நண்பர்கள் கண்டிருப்பீர்கள். சுடோகு என்பது அதன் பெயர். ஒவ்வொரு வரிசையிலும், ஒவ்வொரு நிரலிலும், மூன்றுக்கு மூன்றான ஒவ்வொரு சிறு சதுரத்திலும் 1 முதல் 9 வரையுள்ள எண்கள் ஒருமுறையே வரவேண்டும். பெயர் ஜப்பானியப் பெயராயினும் பிறந்த இடம் அமெரிக்கா. 1979இல் ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற கட்டடக் கலைஞர் அமைத்தது. 1984இல்தான் ஜப்பான் சென்றது.

எண்களைக் கட்டத்தில் அடுக்கும் ஆசை நமக்கும் புதிதன்று. கொள்ளிடத்துக்கு அக்கரையில், கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜனின் குறிப்பேடுகளில் முதல் அத்தியாயமே மாயச் சதுரங்களைப் பற்றியதுதான்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்லும் பேருந்தில் இப்புதிரைப் போட்டு முடிப்பது என் வழக்கம். ஒருநாள் முடியவில்லை. கணிப்பொறியிடம் கொடுத்தால் என்ன என்று தோன்றிற்று.

எல்லா எண்களையும் எல்லாக் கட்டங்களிலும் போட்டுப் பார்க்கச் சொல்லலாமே என்பீர்கள். 51 கட்டங்கள் காலியாக இருந்தால், அவ்வாறு நிரப்பும் வழிகளின் எண்ணிக்கை 49 இலக்கம் கொண்டது! எந்தக் கணிப்பொறிக்கும் அது ஆகாத காரியம். வேறு வழி யாது?

எங்கள் ஊரில் காணாமற்போன ஆட்டைத் தேடும்போது அப்பா செய்வதுதான் வழி. பாதை பிரியுமிடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு ஒரு பக்கம் போவார்; ஆடு இல்லையெனில் கல்லிருக்கும் இடத்திற்கே திரும்பி அடுத்த பக்கம் போவார். பள்ளிக்கூடம் போகாத அவர் செய்வதைப் பாடநூல் 'பின்வாங்கித் தேடுதல்' என்கிறது. காலிக் கட்டத்தில் பொருந்தும் எண்ணொன்றை இட்டு அடுத்த கட்டத்திற்குச் செல்லவேண்டும். அங்கே எதுவும் பொருந்தவில்லையெனில் முந்தைய கட்டத்திற்குத் திரும்பி வேறு எண்ணை இடவேண்டும். தவறான பாதை தொடக்கத்திலேயே அடைபடுவதால் பெரும்பகுதியைப் பார்க்கவே வேண்டியதில்லை.

'சி' மொழியில் எழுதினேன். ஆய்வகத்தில் கிடைக்கும் நேரம் குறைவாதலால் முதலில் நோட்டில் எழுதி, பிறகு தட்டச்சு செய்வேன். 'தீர்வு இல்லை' என்றே விடை வந்தது. மறுநாள் பேப்பரில் விடை வந்திருந்தது! கணிப்பொறி நமக்கு வராது போலும் என்று இரண்டு வாரம் சோர்ந்திருந்தேன். வீட்டில் எடுத்துச் சொல்ல யாருமில்லை. பிறகு பென்சிலால் புதிரைப் போடும்போது பிழை பிடிபட்டது. திரும்பி வருகையில் நான் ரப்பரால் அழிக்கிறேன். கணிப்பொறிக்கு அழிக்கச் சொல்லவேயில்லை. கட்டத்தில் மீண்டும் சுழியை இடும் ஒரே வரியைச் சேர்த்தேன். விடை வந்துவிட்டது.

கடினமான புதிருக்கு மட்டும் வெகுநேரம் பிடித்தது. முதல் காலிக் கட்டத்தை எடுக்காமல், மிகக் குறைந்த எண்களே பொருந்தக்கூடிய கட்டத்தை எடு என்று மாற்றியதும் தேடல் பல மடங்கு சுருங்கிற்று. கையால் போடுபவரும் அப்படித்தானே செய்கிறார்!

புதிர் என்றால் விடை ஒன்றே இருக்கவேண்டும். 16 எண்களை மட்டும் கொடுத்தால் ஒரே விடையுள்ள புதிர் அமையாது, குறைந்தது 17 வேண்டும் என்று 2012இல் டப்ளினைச் சேர்ந்த மெக்குவயர் குழுவினர் கணிப்பொறியாலேயே காட்டினர். என் புரோகிராமோ முதல் விடையோடு நின்றுவிடுகிறது. நிற்காமல் இரண்டாம் விடையையும் தேடச் செய்யும் வரிகளை நோட்டில் எழுதிவிட்டேன். அடுத்த ஆய்வக நாளில் தட்டச்சு செய்யவேண்டும்.