சித்திரகுப்தன் ஆபீஸ்

தாலுகா ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்து, கோப்புகளோடு மல்லுக்கட்டியே ஓய்வு பெற்றவன் நான். திரையில் எமலோகம் வந்தால் என் கண் எமன்மேல் நிற்காது. பக்கத்தில் ஏடும் கையுமாக முழிக்கிறாரே சித்திரகுப்தன், அவர்மேல்தான் போகும். எண்ணெய்க் கொப்பரையும் புகையும் செட் போடுகிறவர்கள் சாமர்த்தியம். கதை அந்த ஏட்டில் இருக்கிறது.

புராணத்தில் சித்திரகுப்தன் கணக்கு தப்பாது. காஞ்சிபுரத்தில் அவருக்குத் தனிக்கோயிலே உண்டு, கையில் எழுத்தாணியும் ஓலையுமாக. சினிமாவிலோ கணக்கு தப்பினால்தான் படமே நகரும். ரஜினியின் ‘அதிசயப் பிறவி’யில் (1990) ஆயுசு முடியாதவனைத் தவறுதலாகத் தூக்கி வந்துவிடுகிறார்கள். திருப்பி அனுப்பலாம் என்றால் உடல் எரிந்துவிட்டது. வேறு வழியின்றி, அதே சாயலில் உள்ள இன்னொருவன் உடம்புக்குள் அனுப்பிவைக்கிறார்கள். இதைப் பார்த்துத் தியேட்டரே சிரித்தது. எனக்குப் பட்டா ஞாபகம் வந்தது. ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் நிலம் மற்றவர் பட்டாவில் ஏறிவிடும். யார் தவறு என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்த மேஜையைக் காட்டுவார்கள்.

‘லக்கி மேன்’ (1995) இன்னும் நெருக்கம். கவுண்டமணி எமன், செந்தில் சித்திரகுப்தன். எதிர்காலம் எழுதியிருக்கும் ஏடு கைதவறிப் பூமியில் விழுந்து கார்த்திக்கிடம் சிக்குகிறது. இருவரும் அதைத் தேடி இறங்கி வருகிறார்கள். எங்கள் ஆபீஸில் ஒரு பதிவேடு காணாமல் போயிருந்தால் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) மெமோ நிச்சயம். செந்தில் அடியோடு தப்பித்தார்.

இந்தச் சரக்கு முழுக்க நம்முடையதல்ல. ‘லக்கி மேன்’, ‘அதிசயப் பிறவி’, சிவாஜியின் ‘எமனுக்கு எமன்’ (1980) மூன்றுமே தெலுங்கிலிருந்து வந்தவை. அதற்கும் முன்பு, 1958இல் வந்த ஒரு வங்காளப் படம்தான் 1960இல் தங்கவேலு நடித்த ‘நான் கண்ட சொர்க்கம்’ ஆனது. எந்த மொழிக்குப் போனாலும் எடுபட்டதற்குக் காரணம், அரசாங்க ஆபீஸில் கால்கடுக்க நிற்காத ஊர் இந்தியாவில் இல்லை என்பதுதான்.

2005இல் ஷங்கரின் ‘அந்நியன்’ இதைத் தலைகீழாக்கியது. மேலே போய்த்தான் தண்டனை என்பதில்லை, நரகத் தண்டனைகளைச் சொல்லும் கருட புராணமே நாயகன் அந்நியன் கையில் சென்னைக்கு வந்துவிட்டது. விபத்தில் அடிபட்டவனுக்குக் காரை நிறுத்தாதவன், ரயிலில் கெட்ட சாப்பாடு போட்ட கான்ட்ராக்டர், தரமில்லாத பிரேக் ஒயர் செய்தவர். மூவருமே நாம் தினமும் பார்க்கிற ஆட்கள். முதல் ஆளை எருமைகள் மிதிக்கின்றன, அடுத்தவர் எண்ணெய்க் கொப்பரையில் வேகிறார், மூன்றாமவரை அட்டைகள் மொய்க்கின்றன. ரயில் சாப்பாட்டை வாயில் வைத்தவர்கள் கைதட்டியதில் ஆச்சரியமில்லை. நானும் தட்டினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் என் ஓட்டு கவுண்டமணி நரகத்துக்குத்தான். அங்கே தப்பைத் தப்பு என்று சொல்லி வாதாட முடிகிறது, எமனையே திணறடிக்க முடிகிறது. அந்நியனிடம் அப்பீல் கிடையாது. அவன் ஏட்டில் பெயர் தவறி ஏறினால் எருமைகளிடம் போயா விளக்கம் சொல்வது?

அடுத்தமுறை ரயிலில் சாப்பாடு ஊசியிருந்தால், கொப்பரையைக் கற்பனை செய்து ஆறுதல் அடையாமல் ரயில்வே உதவி எண் 139க்குப் போன் போடுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள்.