எந்த ‘டோஸ்கா’வைக் கேட்பது?

ஓப்பரா கேட்டுப் பார்க்க ஆசை, ஆனால் ஒன்றே ஒன்றுக்குத்தான் பொறுமை இருக்கிறது என்பவர்களுக்கு நான் சொல்வது புச்சினியின் ‘டோஸ்கா’. 1900 ஜனவரியில் ரோமில் அரங்கேறியது. இரண்டு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். பாடகி டோஸ்கா, அவளுடைய காதலனான ஓவியன் கவரடோசி, அவளை அடையத் துடிக்கும் போலீஸ் தலைவன் ஸ்கார்ப்பியா. கதை நமக்குப் புதிதல்ல. எந்தப் பதிவைக் கேட்பது என்பதில்தான் குழப்பம்.

பலரும் முதலில் கைகாட்டுவது 1953-இல் மிலான் லா ஸ்காலா அரங்கில் விக்டர் டி சபாட்டா நடத்திய பதிவை. மரியா காலஸுக்கு அப்போது வயது 29. ஒலி மோனோதான். முதல் அங்கத்தின் முடிவில் தேவாலய மணி, ஆர்கன், கூட்டுப்பாடல், பீரங்கி என்று ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது சத்தம் நெருக்கியடிக்கிறது.

அந்த இடத்துக்கு மட்டும் 1962-இல் வியன்னாவில் காராயன் நடத்திய ஸ்டீரியோ பதிவைக் கேளுங்கள். வீடே அதிரும், அண்டை வீட்டாரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்! லியோன்டைன் பிரைஸின் குரல் அப்படியொரு பட்டு. காதலனாகப் பாடுபவர் இரண்டிலும் ஒருவரே, ஜுசெப்பே டி ஸ்டெஃபனோ. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒன்பதே ஆண்டுகளில் ஒரு குரல் எவ்வளவு தேயும் என்பது தெரிந்துவிடும்.

ஆனால் இந்த நாடகத்தின் உயிர் இரண்டாம் அங்கம். பக்கத்து அறையில் காதலனைச் சித்திரவதை செய்கிறார்கள். இங்கே ஸ்கார்ப்பியா இரவு உணவு மேசையருகே பேரம் பேசுகிறான். 1953 பதிவில் டிட்டோ கோபி மரியாதையாகப் பேசியே நடுங்க வைக்கிறார். உணவு மேசைக் கத்தியால் அவனைக் குத்திக் கொன்றபின் டோஸ்கா தாழ்ந்த குரலில் சொல்லும் வரியைக் காலஸ் பாடுவதில்லை, பேசுகிறார். மைக் முன்னால் குரலை வைத்துப் பிழைப்பவள் நான். அந்த ஒரு வரிக்காகவே மோனோவை மன்னித்துவிட்டேன். பழைய பாடல்களை அதே ஒலியில் கேட்டு வளர்ந்த நமக்கு அது பெரிய குறையுமில்லை.

ஒரு எச்சரிக்கை. காலஸும் கோபியும் 1964 இறுதியில் பாரிஸில் இதையே ஸ்டீரியோவில் மறுபடி பதிவுசெய்தார்கள். அதில் உச்சஸ்தாயியில் காலஸின் குரல் ஆட்டம் காண்கிறது. கைப்பேசியில் தேடினால் இரண்டும் வந்து நிற்கும். அட்டைப்படத்தை நம்பாதீர்கள், நடத்துநர் பெயர் டி சபாட்டாவா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.