கிளைக்கொரு மீட்டர்

1932-ம் வருஷத்தில் பைகாராவில் நீர் மின்சார உற்பத்தி தொடங்கிற்று. அதன் பின்னர் கோயமுத்தூர் ஜில்லாக் கிணறுகளில் கவலை படிப்படியாக நீங்கி, மோட்டார் வந்து சேர்ந்தது. இன்றோ பண்ணையில் தட்டு வெட்டுவதும், பால் குளிரூட்டுவதும், தொட்டிக்கு நீர் ஏற்றுவதும் மின்சாரத்தாலேயே நடைபெறுகின்றன. தமிழ்நாட்டில் பாசனப் பம்புகளுக்குக் கட்டணமில்லை. ஏனைய இணைப்புகளுக்குப் பில் வருகின்றது. வாசல் மீட்டர் மொத்தச் செலவைக் கூறுமேயன்றி, அச்செலவு எவ்வழியிற் போயிற்று என்பதைக் கூறாது.

சமீபத்தில் யான் பார்வையிட்ட ஒரு மாட்டுப் பண்ணையில் பில் திடீரென உயர்ந்துவிட்டது. பேரிரைச்சலிடும் 3 குதிரைசக்தித் தட்டு வெட்டும் இயந்திரமே காரணமென்று கருதி, சொந்தக்காரர் அதனை விற்கத் துணிந்திருந்தார். அதற்கு முன் ஒவ்வொரு கிளை லைனுக்கும் ஒரு துணை மீட்டர் வைத்துப் பார்க்குமாறு கேட்டுக்கொண்டேன். ஒரு வாரக் கணக்கில், தினம் அரைமணி ஓடிய அவ்வியந்திரத்திற்கு நாளொன்றுக்கு 1½ யூனிட்டே ஆயிற்று. 1 குதிரைசக்தித் தொட்டி மோட்டாருக்கோ 10 யூனிட்! மிதவை சுவிச்சு சிக்கிக்கொண்டமையால் இரவெல்லாம் மோட்டார் ஓடி, வழிந்த நீர் தென்னம்பாத்தியில் ஓசையின்றி இறங்கிக்கொண்டிருந்தது. சுவிச்சை மாற்றியதும் பில் இறங்கிற்று, இயந்திரமும் தப்பிற்று.

மீட்டர் வாங்குவோர் கவனிக்க வேண்டுவன:

1. விளக்குக் கிளைக்கு ஒற்றைப் பேஸ் மீட்டரும், பெரிய மோட்டாருக்கு மூன்று பேஸ் மீட்டரும் வேண்டும். கிளையின் ஆம்பியருக்கு மீட்டர் தாங்குதல் அவசியம்.

2. ஆம்பியரை மட்டும் அளந்து வோல்ட்டால் பெருக்கிக் காட்டும் மலிவுக் கருவி மோட்டாருக்கு உதவாது. மோட்டாரின் பவர் பாக்டர் ஒன்றுக்குக் குறைவாதலால், அது செலவை மிகைப்படுத்திக் காட்டும். யூனிட்டை நேரே அளக்கும் கருவியே தக்கது.

3. கம்பியைச் சுற்றிக் கவ்வும் சி.டி. வளையமாயின், அம்புக்குறியின் திசையும், எந்தப் பேஸ் என்பதும் பிசகலாகாது. பிசகினால் கணக்குப் பொய்க்கும். மின்சாரம் ஓடுகையில் சி.டி.யின் முனைகளை மீட்டரினின்று கழற்றுதல் உயிருக்கே அபாயம்.

துணை மீட்டரை வாரிய மீட்டருக்கு அப்பால், நமது போர்டில் அந்தந்தக் கிளையின் பியூசை அடுத்து வைக்கவேண்டும். கிளையின் நியூட்ரலை வேறு கிளையோடு கலக்கலாகாது. வாரியத்தின் முத்திரையைத் தொடுதல் குற்றம். மெயினை நிறுத்திவிட்டு, லைசென்சு பெற்ற வயர்மேனைக் கொண்டே வேலை செய்விக்கவும். பின்னர் 1000 வாட் ஹீட்டரொன்றை ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்தால், மீட்டர் ஏறக்குறைய ஒரு யூனிட் ஏறவேண்டும்.

மீட்டர் தானாகச் சிக்கனம் செய்யாது. தினமும் ஒரே வேளையில் எண்ணைக் குறித்து, நேற்றைய எண்ணோடு ஒப்பிடுபவருக்கே அது பலன் தரும். பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே இதற்கும் ஒரு பத்தி கோடிட்டுக் கொள்ளுங்கள்.